வடசென்னைக் கரையில் விடியலைப் பார்த்துச் சொல்ல: முதல் வெளிச்சத்தின் சொற்களுக்கு முழுமையான வழிகாட்டி

‘விடிந்துவிட்டது’ என்பதும் ‘சூரியன் உதித்துவிட்டது’ என்பதும் ஒன்றல்ல. சென்னையில் இரண்டுக்கும் நடுவே இருபது நிமிடத்துக்கு மேல் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழை நாளில் சூரியன் முகத்தையே காட்டாது. ஆனாலும் பொழுது விடியாமல் போவதில்லை. வைகறை, விடியல், புலரி, அதிகாலை, அருணோதயம், உதயம் எல்லாவற்றையும் ஒரே பொருள் தரும் சொற்களாக மனப்பாடம் செய்துவிட்டு, கைக்கு வந்ததை எடுத்துப் போடுவது இன்று வழக்கமாகிவிட்டது. அது வருத்தமான விஷயம். இந்தச் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் வானத்தில் ஓர் அடையாளமும் கடிகாரத்தில் ஒரு நேரமும் உண்டு. அவற்றைக் கண்ணால் பார்த்துப் பழகிக்கொண்டால் பிறகு எழுதும்போதும் பேசும்போதும் சொல் தானாக வந்து விழும்.

அதற்கு ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான கரை நல்ல பள்ளிக்கூடம். கிழக்கே தடையில்லாத கடல். மேற்கே விடியும் முன்பே விழித்து வேலையில் இறங்கிவிடும் ஊர். புத்தகத்துச் சொல்லும் வாய்ப்பேச்சுச் சொல்லும் ஒரே இடத்தில் கிடைக்கும்.

தொடங்கும் முன்: மூன்று குடும்பங்கள்

விடியலுக்கான சொற்களை முதலில் மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இந்தப் பிரிப்பு புரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதல் குடும்பம் இருளைப் பற்றியது. வைகறை, விடியல், விடிவு, புலரி, கருக்கல். இருள் இருப்பதையோ விலகுவதையோதான் இவை சொல்கின்றன. இவற்றுள் எதிலும் சூரியன் இல்லை. புலர்தல் என்ற வினை ஈரம் உலர்வதற்கும் வரும்.

இரண்டாம் குடும்பம் கிழக்கின் நிறத்தைச் சொல்வது. கிழக்கு வெளுத்தது, கீழ்வானம் சிவந்தது, பலபலவென விடிந்தது, அருணோதயம். அருணன் என்றால் செந்நிறம். சூரியனின் தேரை ஓட்டுபவன் பெயரும் அதுதான். தேரோட்டி முன்னால் வருவான், சூரியன் பின்னால் வரும். அதனால் அருணோதயத்தைச் சூரியோதயம் என்ற பொருளில் எழுதுவது தவறு.

மூன்றாம் குடும்பம் சூரியனையே சொல்வது. உதயம், ஞாயிறு எழுந்தது, கதிர் எட்டிப் பார்த்தது, இளவெயில், ஏறுவெயில்.

எந்தச் சொல் எந்தக் குடும்பம் என்று சந்தேகம் வந்தால் ஒரு கேள்வி போதும்: மேகம் மூடிய நாளிலும் இதைச் சொல்ல முடியுமா? ‘பொழுது விடிந்தது’ தாராளமாகச் சொல்லலாம். ‘கீழ்வானம் சிவந்தது’ என்று சொல்ல முடியாது. ‘சூரியன் எழுந்தது’ என்றால் எங்கே என்று கேட்பார்கள்.

படி 1: அன்றைய உதய நேரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

மற்ற எல்லா நேரங்களையும் உதயத்திலிருந்து பின்னோக்கித்தான் எண்ணப் போகிறோம். ஆகவே இந்த ஓர் எண் சரியாக இருக்க வேண்டும். சென்னைக்கு ஏறத்தாழ, ஒரு நிமிடம் முன்பின்னாக:

ஜனவரி கடைசி வாரம் – 6.36
மார்ச் 21 – 6.13
ஜூன் முதல் வாரம் – 5.42
ஜூன் 21 – 5.44
செப்டம்பர் 23 – 5.58
டிசம்பர் 21 – 6.26

மிக நீண்ட பகல் ஜூன் 21 வாக்கில் வருகிறது. ஆனால் மிகச் சீக்கிரம் விடிவது அன்றல்ல. மே கடைசியிலும் ஜூன் முதல் வாரத்திலும். அதேபோல் மிகத் தாமதமாக விடிவதும் டிசம்பர் 21 அன்றல்ல, பொங்கல் கழிந்த வாரங்களில்தான். பூமியின் சுற்றுப்பாதை நீள்வட்டமாக இருப்பதாலும் அதன் அச்சு சாய்ந்திருப்பதாலும் நண்பகலே ஆண்டு முழுக்க முன்னும் பின்னும் நகர்கிறது. உதயமும் அதோடு சேர்ந்து நகர்கிறது. ‘மார்கழிதான் இருட்டு மாதம், தை பிறந்தால் சீக்கிரம் விடியும்’ என்று நம்பித் தை மாதத்தில் முன்கூட்டியே கிளம்பினால் இருட்டில்தான் காத்திருக்க வேண்டும்.

இந்திய நேரம் 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்பட்டது. சென்னை இருப்பது ஏறத்தாழ 80.3 பாகையில். அதனால் நம் சொந்தச் சூரிய நேரம் கடிகாரத்துக்கு ஒன்பது நிமிடம் பின்தங்கியிருக்கிறது. 1906க்கு முன் வழங்கிய மெட்ராஸ் நேரம் இந்த ஒன்பது நிமிடத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்ட நேரம்தான்.

இங்கே வழக்கமாக நேரும் பிழைகள் இரண்டு. தினசரி காலண்டரில் ராகு காலம், எமகண்டம் போட்டிருப்பது காலை 6 மணிக்கு உதயம் என்று வைத்துக்கொண்டுதான். திங்கள் 7.30 முதல் 9 என்றால் உதயத்துக்கு ஒன்றரை மணி கழித்து என்று பொருள். அதைப் பார்த்து உதய நேரம் 6 என்று முடிவு கட்டக் கூடாது. இரண்டாவது, சில பஞ்சாங்கங்கள் சூரிய வட்டத்தின் நடுப்புள்ளி அடிவானத்தைத் தொடுவதை உதயமாகக் கொள்கின்றன. வானிலைத் துறையும் கைப்பேசிச் செயலிகளும் மேல் விளிம்பு தெரிவதை உதயம் என்கின்றன. காற்றுமண்டலம் ஒளியை வளைப்பதையும் சேர்த்தால் இரண்டுக்கும் மூன்று நான்கு நிமிட வேறுபாடு வரும். கடற்கரையில் நிற்பவருக்கு மேல் விளிம்புக் கணக்கே சரி.

படி 2: மூன்று நாழிகை பின்னோக்கி எண்ணுங்கள்

ஒரு நாழிகை 24 நிமிடம். உதயத்திலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்று நாழிகை பின்னால் போங்கள். மார்ச் 21 அன்று உதயம் 6.13. ஒரு நாழிகை முன்னால் 5.49, இரண்டு நாழிகை முன்னால் 5.25, மூன்று நாழிகை முன்னால் 5.01.

நம் அட்சரேகையில் இதற்கு ஓர் அழகான பொருத்தம் உண்டு. சூரியன் அடிவானத்துக்குக் கீழே 18 பாகை, 12 பாகை, 6 பாகை இருக்கும் நிலைகளை வைத்து வானியலார் விடியல் ஒளியை மூன்றாகப் பிரிக்கிறார்கள். சென்னையில் அந்த நிலைகள் உதயத்துக்கு முறையே 70 முதல் 79 நிமிடம், 46 முதல் 51 நிமிடம், 21 முதல் 23 நிமிடம் முன்னால் வருகின்றன. அதாவது கிட்டத்தட்ட மூன்று, இரண்டு, ஒரு நாழிகை. ஐரோப்பாவில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே சூரியன் சாய்வாக ஏறுவதால் விடியல் இழுத்துக்கொண்டு போகும். இங்கே ஏறத்தாழச் செங்குத்தாக ஏறுகிறது, அதனால் சட்டென்று விடிகிறது. ‘பலபலவென’ என்ற சொல் நம் மொழியில் இவ்வளவு இயல்பாகப் பொருந்துவதற்கு இந்த வேகம் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது எங்கள் கருத்து.

இதே கணக்கில் பிரம்ம முகூர்த்தத்தையும் குறித்துக்கொள்ளலாம். ஒரு முகூர்த்தம் இரண்டு நாழிகை, 48 நிமிடம். உதயத்துக்கு நான்கு நாழிகை முன்பு தொடங்கி இரண்டு நாழிகை முன்பு முடிவது பிரம்ம முகூர்த்தம். ஜூன் முதல் வாரத்தில் 4.06 முதல் 4.54 வரை, ஜனவரி கடைசியில் 5.00 முதல் 5.48 வரை. ஆண்டு முழுவதும் 4.30 முதல் 6.00 என்று சொல்லும் பொது வழக்கு இந்தக் கணக்கோடு ஒட்டாது. ஜூனில் ஆறு மணிக்கு வெயிலே வந்துவிடும்.

படி 3: நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குள் நின்றால் அடிவானம் கிடைக்காது. அணைந்து நிற்கும் விசைப்படகுகளும் அலைதடுப்புச் சுவரும் மறைக்கும். விளக்கு வெளிச்சமும் அதிகம். அங்கே கேட்கத்தான் போக வேண்டும். பேச்சுச் சொற்களுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. பார்ப்பதற்குத் திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிய கரை, அல்லது எண்ணூர் முகத்துவாரம் பக்கம் உள்ள மணல் நல்லது.

சாலையோரக் கரையில் கடல் அரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். அலை படும் கல்லில் பாசி இருக்கும், இருட்டில் தெரியாது. வெளிச்சம் வரும் வரை கல்லின் மேல் ஏறாமல் சாலைப் பக்கமே நில்லுங்கள். முகத்துவாரத்தில் நீரில் இறங்க வேண்டாம், அங்கே இழுப்பு உண்டு. தனியாகப் போகாதீர்கள்.

நிற்பவர் செய்யும் பெரிய தவறு, கடலுக்கு நேரே பார்ப்பதைக் கிழக்கு என்று நினைப்பது. இந்தக் கரை நேர் வடக்குத் தெற்காக இல்லை. எண்ணூர் நோக்கிப் போகப்போகக் கிழக்குப் பக்கம் சாய்கிறது. ஆகவே கடலுக்கு நேரே என்பது சற்றே தென்கிழக்கு. கைப்பேசித் திசைகாட்டியில் கிழக்கைப் பிடித்து, எதிரே ஒரு கல்லையோ கம்பத்தையோ குறி வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் 21, செப்டம்பர் 23 வாக்கில் சூரியன் அந்தக் குறிக்கு நேரே எழும். ஜூனில் 24 பாகை இடப்பக்கம், டிசம்பரில் 24 பாகை வலப்பக்கம். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் முஷ்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை. ஆக, இரண்டரை முஷ்டி அந்தப் பக்கம், இரண்டரை முஷ்டி இந்தப் பக்கம்.

கடற்கரைக்குப் போக முடியாதவர்கள் வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி மொட்டை மாடியிலும் பழகலாம். கிழக்கே கட்டடம் மறைத்தால் மறைக்கும் ஒவ்வொரு பாகைக்கும் நான்கு நிமிடம் தாமதம் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு குடும்பச் சொற்களுக்கு மாடி போதும். உதயத்துக்குத்தான் கடல் வேண்டும்.

படி 4: ஒவ்வொரு நிலையாகப் பார்த்துச் சொல்லைப் பொருத்துங்கள்

*மூன்று நாழிகைக்கு முன்னால்.* இது இரவு. சிறுபொழுது வகுப்பில் வைகறை என்பது பின்னிரவு 2 மணி முதல் 6 மணி வரை, பத்து நாழிகை. ஆகவே மூன்றரை மணிக்கு ‘வைகறை’ என்று எழுதினால் பிழையில்லை. ஆனால் வானத்தில் மாற்றம் ஒன்றும் இருக்காது. சாமக்கோழி இந்த நேரத்திலேயே கூவிவிடும். சேவல் வெளிச்சத்தைப் பார்த்துக் கூவுவதில்லை, தன் உடம்புக்குள் இருக்கும் கடிகாரத்தை வைத்துக் கூவுகிறது. சேவல் கூவியதை விடியலுக்குச் சாட்சியாக வைத்து எழுதுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

*மூன்றிலிருந்து இரண்டு நாழிகை.* முதல் வெளிச்சம் இங்கேதான் பிறக்கிறது. ஆனால் வடசென்னையில் அதை நேரடியாகப் பார்ப்பது கடினம். துறைமுக விளக்குகள் தெற்கே, மணலி ஆலைகளின் வெளிச்சம் மேற்கே, சாலை விளக்குகள் தலைக்கு மேலே. அதனால் வெளிச்சத்தைத் தேடாதீர்கள், நட்சத்திரத்தைத் தேடுங்கள். கிழக்கே தாழ்வாக உள்ள ஒரு மங்கலான நட்சத்திரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அது காணாமல் போகும்போது வைகறை ஒளி வந்துவிட்டது. கடலும் வானமும் இன்னும் ஒரே கருமையாகத்தான் இருக்கும்.

மண்ணடி, ராயபுரம் பக்கத்துப் பள்ளிவாசல்களில் சுபுஹு தொழுகைக்கான பாங்கு ஒலிப்பது இந்தக் கட்டத்தில்தான். பல தொழுகை அட்டவணைகள் சூரியன் 18 பாகை கீழே இருக்கும் நேரத்தை வைத்தே போடப்படுகின்றன. நோன்பு வைப்பவர்களுக்கு ஸஹர் முடிவதும் அதனோடுதான். அவர்களிடம் பொய் விடியல், மெய் விடியல் என்ற தெளிவான பாகுபாடு உண்டு. செங்குத்தாகத் தூண் போல எழுந்து மறையும் ஒளி பொய். அடிவானம் நெடுக இடமும் வலமுமாகப் படரும் வெண்மை மெய். முதலாவது, சூரியனைச் சுற்றியுள்ள தூசியில் ஒளி பட்டுத் தெரிவது. ஊர் வெளிச்சம் இருக்கும் இடத்தில் அது தெரியாது. படரும் ஒளியைத்தான் விடியல் என்று ஏற்க வேண்டும் என்ற அளவுகோல் எல்லோருக்கும் பயன்படும்.

*இரண்டிலிருந்து ஒரு நாழிகை.* மூன்று கட்டங்களில் பழக மிகச் சிறந்தது இது. கடலுக்கும் வானத்துக்கும் நடுவே ஒரு கோடு பிரியும். முதலில் கோடு என்றே சொல்ல முடியாது. மேலே கொஞ்சம் வெளிறிய கருமை, கீழே அடர்ந்த கருமை, அவ்வளவுதான். ஐந்தாறு நிமிடத்தில் அது கோடாகிவிடும். ‘கிழக்கு வெளுத்தது’ என்பதற்கு உரிய நேரம் இது. அந்த வெளுப்பு சாம்பல் கலந்தது. அதில் பொன்னும் இல்லை, சிவப்பும் இல்லை. கதை எழுதுபவர்கள் இந்த இடத்தில் ‘பொன்னொளி’ என்று போட்டுவிடுகிறார்கள். அது இன்னும் அரை மணி தூரத்தில் இருக்கிறது.

கருக்கல் என்ற சொல்லும் இந்தக் கட்டத்துக்கு உரியதுதான். ஆனால் அது சாயங்கால இருளுக்கும் வரும். தென் மாவட்டத்திலிருந்து வந்தவர்கள் ‘கருக்கல்ல கிளம்பினேன்’ என்றால் சென்னையில் வளர்ந்தவருக்குக் காலையா மாலையா என்று தெரியாது. எழுதும்போது விடியற்கருக்கல், அந்திக் கருக்கல் என்று பிரித்து எழுதுங்கள்.

விடிவெள்ளி இருந்தால் இந்த நேரத்தில் பளிச்சென்று நிற்கும். இருந்தால் என்று சொல்லக் காரணம் உண்டு. விடிவெள்ளி என்பது வெள்ளிக் கோள். அது ஏறத்தாழ 584 நாள் சுழற்சியில் எட்டு ஒன்பது மாதம் காலையிலும், எட்டு ஒன்பது மாதம் மாலையிலும் தெரியும். இடையே சூரியனுக்கு அருகில் போய் மறைந்திருக்கும். எல்லா நாளும் விடிவெள்ளி முளைக்காது. மாலையில் வெள்ளி தெரியும் மாதங்களில் கிழக்கே பளிச்சென்று ஒன்று கண்ணில் பட்டால் அது வியாழன் கோளாகவோ ஒரு நட்சத்திரமாகவோ இருக்கும். இல்லையென்றால் வெளித் துறையில் நங்கூரமிட்ட கப்பலின் விளக்காக இருக்கும். சந்தேகம் இருந்தால் பத்து நிமிடம் பொறுங்கள். கப்பல் விளக்கு அங்கேயே நிற்கும். விண்மீன் நீட்டிய கையின் ஒரு விரல் தடிமனுக்கு உயர்ந்திருக்கும்.

*கடைசி ஒரு நாழிகை.* இதுதான் விடியல். புலரி, புலர்காலை என்பவையும் இதற்கே. எதிரே வருபவரின் முகம் தெரியும்; விளக்கில்லாமல் நடக்கலாம்; காகங்கள் கத்தத் தொடங்கியிருக்கும். விடிந்துவிட்டதா என்று உறுதி செய்ய ஒரு நல்ல சோதனை இருக்கிறது. விளக்கு வெளிச்சம் படாத இடத்தில் கிடக்கும் மீன் பெட்டிகளைப் பாருங்கள், சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று. விடியும் முன் சிவப்புப் பெட்டி கருப்பாகத் தெரியும், நீலம் சாம்பலாக, அதைவிடச் சற்று வெளிச்சமாகத் தெரியும். மங்கலில் நம் கண்ணின் நிறம் பிரிக்காத செல்கள்தான் வேலை செய்கின்றன. அவற்றுக்குச் சிவப்பு கிட்டத்தட்ட எட்டாது. சிவப்பு சிவப்பாகத் தெரிந்த கணம் பொழுது விடிந்துவிட்டது என்று துணிந்து சொல்லலாம்.

கிழக்கு சிவப்பதும் இந்த நாழிகையில்தான். உதயத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது ஒருமுறை திரும்பி மேற்கே பாருங்கள். ஊருக்கு மேலே கருநீலப் பட்டை ஒன்று, அதன் மேல் இளஞ்சிவப்புப் பட்டை ஒன்று. அந்தக் கருநீலம் பூமியின் நிழல். சூரியன் ஏற ஏற அது அடிவானத்துக்குள் இறங்கிவிடும். கிழக்கையே பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

*உதயம்.* மேல் விளிம்பு தெரிந்ததிலிருந்து முழு வட்டமும் வெளியே வர இரண்டேகால் நிமிடம் ஆகும். நாம் பார்க்கும் அந்த முதல் விளிம்பு உண்மையில் அடிவானத்துக்குக் கீழே இருக்கிறது. காற்று அதன் ஒளியை வளைத்து மேலே தூக்கிக் காட்டுகிறது. இரவு முழுக்கக் கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று ஊரின் புகையையும் தூசியையும் கடல்மேல் கொண்டுபோய் வைத்திருக்கும். அதனால் பல நாட்களில் சூரியன் நீரிலிருந்து எழாது. அடிவானத்துக்கு ஒரு விரல் மேலே மங்கலான சிவப்பு வட்டமாகத் திடீரென்று தோன்றும். அதைச் சொல்ல ‘உதித்தது’ பொருந்தாது, ‘தோன்றியது’ போதும். சிவப்பு மாறிக் கண் கூசத் தொடங்கியதும் பார்ப்பதை நிறுத்திவிடுங்கள்.

அதன் பிறகு வருவது காலை. முதலில் இளவெயில், நிழல் நீளும் நேரம், பிறகு ஏறுவெயில். இங்கே குழப்பத்துக்கு இடமில்லை.

ஒரு எச்சரிக்கை: இந்த நிலைகளைக் கைப்பேசியில் படமெடுத்துப் பிறகு பார்த்துப் பழகலாம் என்று நினைக்க வேண்டாம். கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டிவிடும். கருக்கலில் எடுத்த படம் விடியல் போல இருக்கும்.

படி 5: பெயருக்கு ஏற்ற வினை

சொல்லைச் சரியாகப் பிடித்தும் வினையில் கோட்டை விடுவதுண்டு. பொழுது விடியும், புலரும். கிழக்கு வெளுக்கும், சிவக்கும். வெள்ளி முளைக்கும். இருள் விலகும், பிரியும், கலையும். சூரியன் உதிக்கும், எழும், கிளம்பும், ஏறும். ‘சூரியன் விடிந்தது’ தமிழில் இல்லை. ‘பொழுது உதித்தது’ என்றும் சொல்வதில்லை. ஆனால் ‘பொழுது ஏறிடுச்சி’ உண்டு. அங்கே பொழுது என்பது சூரியனையே குறிக்கிறது. ‘விடியல் புலர்ந்தது’ என்று அடிக்கடி பார்க்கிறோம். ஒரே பொருளை இரண்டு முறை சொல்வது அது. பொழுது புலர்ந்தது என்றால் போதும்.

விடி என்ற வினைக்குக் கிளைகள் அதிகம். ‘விடிய விடிய’ என்றால் இரவு முழுக்க. ‘விடிஞ்சா கல்யாணம்’ என்றால் நாளைக் காலை கல்யாணம். ‘விடிவுகாலம்’ துன்பம் தீர்வது. இவற்றில் ‘விடி’யை எடுத்துவிட்டு ‘புலர்’, ‘உதி’ எதையும் வைக்க முடியாது. அவ்வளவு ஆழமாக ஊறிய வினை.

தொல்காப்பியம் மருதத் திணைக்குச் சிறுபொழுது சொல்லும்போது வைகறை, விடியல் என்று இரண்டையும் தனித்தனியே வைக்கிறது. இரண்டும் வெவ்வேறு என்பதற்கு இதைவிடப் பழைய சான்று தேவையில்லை. கடற்கரைக்கு, அதாவது நெய்தலுக்கு, அது தருவது எற்பாடு. எற்பாடு பகல் சாயும் பொழுது. ‘எல்’ என்றால் ஒளி என்று பார்த்துவிட்டு அதை உதயத்துக்குப் போட்டுவிடாதீர்கள்.

படி 6: காதால் கேட்டுப் பழகுங்கள்

வடசென்னையில் புழங்கும் சொல் ‘காத்தால’. காலையில் என்பதற்கான பேச்சுச் சொல். அதற்கு முந்திய நேரத்துக்கு ‘விடியக்காத்தால’, ‘விடிகாலைல’. வைகறை, புலரி இரண்டும் வாய்ப்பேச்சில் இல்லை. கதையில் காசிமேட்டு ஆளின் வாயில் அவற்றை வைத்தால் ஒட்டாது.

‘காத்தால’ எவ்வளவு இழுபடும் என்பதை மீன் ஏலத்தில் கேட்கலாம். “அக்கா, எத்தினி மணிக்கு வரட்டும்?” “காத்தால வாம்மா, வெளிச்சம் வந்துட்டா நல்ல மீன் போய்டும்.” அவர் சொல்லும் காத்தால மூன்று மணியாகவும் இருக்கலாம். கேட்பவர் ஆறு மணிக்குப் போய் நின்றால் ஏலம் முடியும் தறுவாயில் இருக்கும். மணியைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம்; அப்போது துறைமுகத்தில் இந்தப் பேச்சு குறைவாகத்தான் காதில் விழும். வானம் பார்க்க மட்டும் என்றால் அந்த மாதங்கள் நல்லவை, ஆண்டின் மிகச் சீக்கிரமான விடியல்கள் அப்போதுதான்.

கோயில் அறிவிப்புப் பலகையில் ‘உஷத்கால பூஜை’ என்று இருக்கும். விடியலுக்கு முந்திய முதல் பூஜை அது; அடுத்தது காலசந்தி. வேறு இடத்தில் இந்தச் சொல்லைக் கொண்டுபோய்ப் போட வேண்டாம்.

எழுத்தில் வரும் பிழைகள்

‘வைகரை’ என்று எழுதுவது மிகப் பரவலான பிழை. வல்லின றை: வைகறை. விடியல் + காலை சேர்ந்தால் விடியற்காலை, ‘விடியல்காலை’ அல்ல. விடிகாலை என்பது தனிச் சொல், அதில் ற் வராது. ‘சூரிய உதையம்’ தவறு. சூரிய உதயம் அல்லது சூரியோதயம். காலைப் பொழுது, வைகறைப் பொழுது இரண்டிலும் ப் வேண்டும். விடிவெள்ளியில் ஒற்று வராது.

தேதியும் ‘அதிகாலை’யும்

நேரில் பெரிய சங்கடம் தருவது இதுதான். ஆங்கிலத் தேதி நள்ளிரவில் மாறுகிறது. பஞ்சாங்கத்தில் நாள் உதயத்தில்தான் மாறுகிறது. திங்கள் அதிகாலை 4.30 என்பது பஞ்சாங்கப்படி இன்னும் ஞாயிற்றுக்கிழமை. பேச்சிலும் அப்படித்தான்: ஞாயிறு இரவு படுத்து எழும் வரை பலருக்கு அது ஞாயிறுதான். ‘நாளைக்கு விடியக்காத்தால வண்டி’ என்று இரவு ஒரு மணிக்கு அனுப்பிய செய்தி எந்த நாளைச் சொல்கிறது என்று தெரியாமல் வண்டியைத் தவறவிட்டவர்கள் உண்டு.

அதிகாலை என்ற சொல்லை நாங்கள் மூன்று மணிக்குப் பிறகுதான் பயன்படுத்தச் சொல்வோம். அதற்கு முன் நள்ளிரவு, பின்னிரவு என்று இருக்கட்டும். அழைப்பிதழ், அறிவிப்பு, பயணச் செய்தி எதுவானாலும் உதயத்துக்கு முந்திய நேரம் என்றால் இரண்டு கிழமையையும் எழுதுங்கள்: ‘ஞாயிறு இரவு விடிந்தால் திங்கள், 15ஆம் தேதி, அதிகாலை 4.30’. கிழமை, தேதி, பொழுது, மணி நான்கும் இந்த வரிசையில் இருந்தால் படிப்பவர் திரும்ப அழைத்துக் கேட்க வேண்டியிராது.